கால்கள் எந்தப் பக்கம்

வெளியே நாற்பத்தாறு டிகிரி.
ராஸ் அல் கைமாவில் வெள்ளிக்கிழமை மதியம்.
ஏசி சொட்டும் வாளி
காலையிலிருந்து இரண்டு முறை நிறைந்துவிட்டது.
சிமெண்ட் ஆலையில் இரவுப் பணி முடித்த செல்வின்
காதில் பஞ்சடைப்பானோடு உள்ளே தூங்குகிறான்.
கூடத்தில்
இஸ்திரி மேசைமேல் வில்லைக் கிடத்தியிருக்கிறேன்.

ரோடெல் விற்றுப்போன காம்பவுண்ட் வில்.
செபுவுக்கு விமானம் ஏறும் முன்
அறுநூறு திர்ஹாமுக்குக் கொடுத்தான்.
ஆறு அம்பு இலவசம்.
"எல்லாம் ட்யூன் பண்ணியாச்சு, மேடம்."
பண்ணித்தான் இருந்தது,
அவனுக்கு.

அவன் கை நீளத்துக்கு நாண்.
அவன் கண் இருந்த இடத்தில் பார்வைத்துளை.
நான் இழுத்துப் பிடித்தால்
அது என் நெற்றியைப் பார்க்கிறது.

சுவரோடு ஒட்டிக் கை விரித்து நின்று
இரு முனையிலும் பென்சில் கோடு போட்டேன்.
அறுபத்து நாலு அங்குலம்.
இரண்டரையால் வகுத்தால் இருபத்தைந்தரை, கொஞ்சம் கூட.
கண்ணாடிக் கடையில் நாளெல்லாம்
அடுத்தவர் கண்மணிகளுக்கு நடுவே
மில்லிமீட்டர் எண்ணுகிறவள் நான்.
என்னை யாரும் அளந்ததில்லை,
ஜாக்கெட் தைக்கிறவரைத் தவிர.

ஆலன் சாவி செல்வினுடையது.
மேல் போல்ட்டுக்கு ஒரு சுற்று, கீழுக்கும் ஒரு சுற்று.
எண்ணிக்கை தப்பினால் வில் கோணிக்கொள்ளும்.
அறுபது பவுண்டு இறங்கி இறங்கி
நாற்பத்திரண்டில் என் தோள் சரி என்றது.
கப்பியின் திருகைக் கழற்றி
ரோடெல் வெள்ளி மையால் வைத்த புள்ளியிலிருந்து
நாலு துளை தள்ளிப் பூட்டினேன்.
புள்ளியை அழிக்கவில்லை.

பார்வைத்துளையின் முடிச்சுகளுக்கு
மூக்குக்கண்ணாடி திருகுகிற ஊசி போதும்.
தளர்த்தி, இறக்கி,
கண்ணை மூடி இழுத்து, திறந்து பார்த்து,
இன்னும் ஒரு நூல் இறக்கி.
ஒவ்வொரு முறையும் இழுத்த நாணை
மெல்லத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.
அம்பில்லாமல் விடாதே என்று ரோடெல் இரண்டு தடவை சொன்னான்:
போக இடமில்லாத விசை
வில்லையே உடைக்குமாம்.

நாண் வளையத்தின் நுனியை
அடுப்பு லைட்டரால் உருக்கினேன்,
புகை அலாரத்துக்கு ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு.

நடைபாதையின் கோடியில் கான்கிரீட் சுவர்.
அதன்மேல் சாய்த்த பாசுமதி சாக்கு,
உள்ளே கிழிந்த போர்வைகளும்
செல்வினின் பழைய கவராலும்.
நடுவே இரண்டு நாற்காலிக்கிடையில்
கடையில் கழித்துக் கட்டிய கண் பரிசோதனைத் தாள்,
மூன்று கால் எழுத்துகள் வரிவரியாக.

முதல் அம்பு.
கிழிசல் மேலே ஏறியிருந்தது.
அம்பு தாங்கியை ஒரு மயிரளவு உயர்த்தினேன்.
இரண்டாவது, மேல்கீழ் சரி,
ஆனால் வால் இடப்பக்கம் இழுத்துக் கிழித்திருக்கிறது.
தாங்கியை நகர்த்தினேன். இடம்.
திரும்ப நகர்த்தினேன். அப்போதும் இடம்.
மூன்று, நாலு, ஐந்து.
திருகு தேயத் தேயத் திருகியும்
கிழிசல் தன் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

தினம் நூறு பேரிடம் கேட்கிற கேள்வியை
என்னிடமே கேட்டேன்:
கால்கள் எந்தப் பக்கம்?

அப்போதுதான் கையைப் பார்த்தேன்.
கூட்டத்தில் பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோல்
பிடியை நெரித்துக்கொண்டு, விரல் கணு வெளுத்து.
யாரும் பிடுங்கப் போவதில்லை.
பணம் கொடுத்து வாங்கியது,
ரசீதுகூட இருக்கிறது.

கட்டைவிரல் அடிமேட்டில் மட்டும் வில்லைச் சாய்த்து
மற்ற விரல்களை அதனதன் போக்கில் விட்டேன்.
ஆறாவது அம்பு.
ஒரு துளை, அதைச் சுற்றி இறகுக்கு ஒன்றாய் மூன்று கீறல்.
இடப்பக்கம் இன்னும் அரை நகக்கண் மிச்சம்.
இருக்கட்டும்.
மைதானத்துக்குப் போக அக்டோபர் ஆகும்.

நாலு மணி அலாரத்துக்கு எழுந்த செல்வின்
பஞ்சடைப்பானை எடுத்தபடி வந்து
நாற்காலியையும் சாக்கையும் என்னையும் பார்த்தான்.
"எந்த வரி வரைக்கும் தெரியுது?" என்றேன்.
கண்ணைச் சுருக்கினான்.
"அஞ்சு.
நாலாவதுல ஓட்டை.
அந்தச் சாக்குக்குள்ள என் சட்டைதானே?"